அடுப்பு விதி

“ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு ரெண்டு விருப்பம் இருந்தா யார் சொல்றது செல்லும்? இந்த ஒரு இடத்துலதான் முட்டிக்கிட்டு நிக்குது, ரஹ்மத்து.”

ஜாஃபர் சாதிக் பேனாவை மூடினார். அதிராம்பட்டினத்தில் அவர்கள் தெருவுக்குக் குழாய் கேஸ் வருகிறது. எல்லா வீடும் கட்டாயம் வாங்க வேண்டும் என்று தெருச் சங்கத்தில் சிலர் கிளம்பியிருந்தார்கள். செயலாளரான அவருக்கு அது பிடிக்கவில்லை. விறகோ, கேஸோ, சோலாரோ, அந்தந்த வீட்டின் விருப்பம். யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று புது விதி எழுதிக்கொண்டிருந்தார். மாலையில் கூட்டம்.

“நம்ம வீட்டையே எடுத்துக்குங்க மச்சான்,” என்றாள் மனைவி ரஹ்மத் பீவி. “எனக்கு சோலார் ஹீட்டர் வேணும். விறகு அடுப்புல வெந்நீர் போட்டு மாடிக்கு வாளி வாளியாத் தூக்கி என் முட்டி தேஞ்சு போச்சு.”

“சோலார்னா தண்ணி ஏத்த மோட்டார் ஓடணும். கரண்ட் போனா?”

“மோட்டாரே வேணாம். தொட்டி மேல, குழாய் கீழ. வெயில்ல சூடான தண்ணி லேசாயிடும், தானா தொட்டிக்கு ஏறும். கனமான பச்சைத் தண்ணி கீழ இறங்கும். அவ்வளவுதான்.”

“பாடம் நல்லாத்தான் இருக்கு. ஆனா சவுக்கு விறகு வெந்நீர் மாதிரி வருமா? இந்த வீட்டுல விறகுதான்.”

அவள் வெங்காயத்தை நறுக்கியபடியே சொன்னாள்: “சரி, உங்க விதிக்கு வாங்க. வீட்டு வரி ரசீதுல யார் பேர் இருக்கோ, அவங்க முடிவுதான் முடிவுன்னு எழுதுங்க. சண்டைக்கே இடமில்ல.”

அவர் முகம் மலர்ந்தது. “அதானே. வருஷா வருஷம் வரி கட்டுறது நான்தானே. நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.”

கூட்டத்தில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். வந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள்.

“இனிமே என் வீட்டு அடுப்பு என் இஷ்டம்,” என்று பக்கத்து வீட்டுப் பக்கீர் முகம்மது காக்கா மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை சங்கத்தின் கதவைத் திறந்த ஜாஃபர் சாதிக், வாசலில் நின்ற வரிசையைப் பார்த்துத் திகைத்தார். முதல் ஆளாக ரஹ்மத் பீவி.

“நம்ம வீட்டுக்கு சோலார், மச்சான். ரசீது இணைச்சிருக்கேன். சீல் வைங்க.”

ரசீதில் அவள் பேரைப் படித்துவிட்டு சீல் வைத்தார். கல்யாணத்துக்குப் பெண் பேரில் வீடு எழுதி மாப்பிள்ளையை அழைத்துவரும் அந்தத் தெருவில், நாற்பது வீட்டு ரசீதுகளில் முப்பத்தெட்டு பெண்களின் பேரில் இருந்தன.