பிஸ்கட்டின் மணி

ரோஷனின் ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாகக் கிடந்ததால், ஜாக் நுழைவதற்கே முன்சக்கரங்களைப் பலகைகளில் ஏற்ற வேண்டியிருந்தது. தூக்கி நிறுத்தியதும், "உன் உடம்புதான் உள்ள போகும்" என்று ஆயில் மாற்ற மனைவி அமலியை அடியில் அனுப்பினான். மல்லாந்து படுத்து போல்ட்டைத் தேடியவளின் முகத்துக்கு மேலே, ஒரு தகட்டின் இடுக்கில், சிவப்புப் பட்டைத் துண்டொன்று மணியோடு சிக்கியிருந்தது. பிஸ்கட்டின் கழுத்துப்பட்டை. நாய் காணாமல் போன அன்று, "கேட்டைத் தொறந்து போட்டது நீதானே" என்று கத்தியவன் ரோஷன். பிறகு தெருத்தெருவாக அவளோடு தேடவும் வந்தான். அன்றிலிருந்து அமலி, கேட்டின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்காமல் படுப்பதில்லை.

மணியைச் சத்தம் வராமல் கைக்குள் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். "போல்ட் அசைய மாட்டேங்குது. நீங்களே பாருங்க."

"ஒரு வேலைக்கும் லாயக்கில்ல" என்று முனகியபடி, தொப்பையை எக்கிக்கொண்டு அவன் அடியில் நுழைந்தான். வெளியே பாதங்கள் மட்டும் தெரிந்தன. அமலி ஜாக்கின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து மணியை ஆட்டினாள். ஸ்பேனர் சத்தம் நின்றது.

"அமலி... ஜாக்கைத் தொடாத."

"கேட்டைத் தொறந்து போட்டது யாருங்க?"