பாலமில்லாத வருஷத்து ஆட்டம்

வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போன வருஷம் அது, கண்ணுகளா. போலந்துக் கரையில் யாசெக், ஸ்லோவாக்கியக் கரையில் அவன் காதலி சூஸ்கா. திருவிழாவோ இரு கரைக்கும் ஒன்று. அந்த மலையாட்டத்தில் ஜோடிகள் கடைசிவரை தொட்டுக்கொள்வதில்லை என்பதால், நடுவே வெள்ளம் வடிந்த ஆறு ஓட, இருவரும் எதிரெதிரே ஆடினார்கள். ஆனால் முடிவில் இடுப்பைப் பிடித்து ஒன்றாகச் சுழல வேண்டும். தவறினால் பெண்ணை வேறொருவன் ஆட அழைத்துக்கொள்ளலாம். சூஸ்காவின் கரையில் இளைஞன் ஒருவன் தொப்பியைச் சரிசெய்தான். "நீ அங்கயே நின்னு கைதட்டு யாசெக், மிச்சத்தை நான் சுத்திக்கிறேன்!"

"பராக்குப் பாக்காம இறங்குடா! பாதி ஆறு நான் வர்றேன்," என்று சூஸ்கா பாவாடையைச் செருகிக்கொண்டு பனித்தண்ணீரில் கால்வைத்தாள். யாசெக் பூட்ஸைக் கழற்றினான். இரு கரைப் பிடில்காரர்களும் மெட்டை முடிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.