முதலில் எழுந்தவர்

"சார்... ஒரு நிமிஷம். போயிட்டு வந்துடறேன்."

பர்ச்சேஸ் மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஆரம்பிச்சுட்டாருய்யா!" என்று யாரோ முனகினார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த சேல்ஸ் மேனேஜருக்கு முனகுவதெல்லாம் போதாது. உரக்கவே கேட்டார்.

"தண்ணிக் குழாய் செய்யற கம்பெனியில இப்படி ஒரு ஒழுகுற குழாயை வெச்சிருக்கோமே சார், வெளியில தெரிஞ்சா எவன் நம்மகிட்ட சரக்கு எடுப்பான்?"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு. முதலாளி மட்டும் சிரிக்காமல் பேனாவை மூடி வைத்தார்.

"சரி, எல்லாரும் போயிட்டு வாங்க."

முதலாளியின் கூட்டத்தில் அப்படி ஒரு சட்டம். ஒவ்வொருத்தராக எழுந்து போவது அவருக்கு ஆகாது. ஒருவர் எழுந்தால் கூட்டமே நின்றுவிடும். போய்விட்டு வருகிறவனுக்கெல்லாம் விட்ட இடத்திலிருந்து திருப்பிச் சொல்ல அவர் என்ன கிளிப்பிள்ளையா? அதனால் கெட்ட பெயர் முழுவதும் முதலில் எழுந்தவருக்கு. பின்னால் போகிறவர்களை அவர் கண்டுகொள்வதில்லை.

பின்னால் போகிறவர்களில் சேல்ஸ் மேனேஜர்தான் எப்போதும் முன்னால் நிற்பார். ஏதோ கை கழுவப் போகிறவர் மாதிரி அலட்சியமாக நடப்பார். டாய்லெட் கதவைத் தாழ் போட்டதும்தான் அடக்கி வைத்திருந்த பதற்றம் வெளியே வரும். வந்த அவசரம் மாயமாய் மறைந்து, சொட்டுச் சொட்டாகச் சண்டித்தனம் பண்ணும். சுவரைப் பார்த்தபடி நின்று கெஞ்சாத குறை.

அவருக்குப் ப்ராஸ்டேட் வீக்கம். வீட்டுக்காரிக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

"இப்போதைக்கு ஆபரேஷன் எல்லாம் வேணாம்" என்று சொல்லியிருந்தார் டாக்டர். "ராத்திரி ஒரு மாத்திரை போடுங்க. காபி, டீயைக் குறைங்க. படுக்கறதுக்கு முன்னாடி தண்ணியை மொடக் மொடக்னு குடிக்காதீங்க. ஜலதோஷம்னா கடையில கண்ட மாத்திரையை வாங்கிப் போடாதீங்க. ஒரு தடவை போனதும் கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை போங்க. முக்கியமா, வந்தா அடக்காதீங்க."

எல்லாவற்றையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார், கடைசி ஒன்றைத் தவிர.

எப்படி முடியும்? ஜெனரல் மேனேஜர் ஓய்வு பெறப் போகிறார். அந்த இடத்துக்குப் போட்டி இவரும் பர்ச்சேஸ் மேனேஜரும்தான். முதலாளியோ, "உட்கார்ந்த இடத்துல உட்காரத் தெரியாதவன் என்னத்த நிர்வாகம் பண்ணுவான்?" என்று கேட்கிற ஆள். இத்தனை வருஷம் நாயாய் உழைத்துவிட்டு, கடைசியில் ஒரு சுரப்பிக்குப் பதவியைத் தூக்கிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

ஒழுகுற குழாய் பக்கத்திலேயே இருந்ததால் கொடுக்க வேண்டி வரவில்லை. பதவி சேல்ஸ் மேனேஜருக்கே கிடைத்தது.

"வேலையில அவரும் கெட்டிக்காரர்தான்" என்றார் முதலாளி. "ஆனா கூட்டத்துல ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கறாரே!"

"அதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன். இனிமே அவரைக் கூட்டத்துக்கே கூப்பிட வேணாம். அவருக்குக் கீழ இருக்கற ஆள் யாராவது வரட்டும்."

"சபாஷ்! நீங்களே சொல்லிடுங்க."

சூட்டோடு சூடாகப் போய் பர்ச்சேஸ் மேனேஜரின் அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார் புது ஜெனரல் மேனேஜர்.

"வாழ்த்துகள் சார்" என்று எழுந்து கை கொடுத்தார் பர்ச்சேஸ் மேனேஜர்.

"நன்றி, நன்றி. உங்ககிட்ட உரிமையா ஒண்ணு சொல்லலாமா? என் மச்சான் ஒருத்தனுக்கும் உங்களை மாதிரிதான். ப்ராஸ்டேட் வீக்கம். ஆபரேஷனே இல்லாம சமாளிக்கறான். மாத்திரை இருக்கு. காபி, டீயைக் குறைக்கணும். வந்தா அடக்கக் கூடாது. டாக்டரைப் போய்ப் பாருங்க. இதுல வெட்கப்பட என்ன சார் இருக்கு?"

"சரிங்க சார்."

"கூட்டம்னா உங்களுக்கும் சிரமம். அதனால இனிமே நீங்க வர வேணாம். உங்க உடம்பு நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த ஓநாய்கூட இவ்வளவு உருக்கமாக அழுதிருக்காது.

பர்ச்சேஸ் மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு அந்தத் தொந்தரவு எதுவும் இல்ல சார்."

"பின்னே? கூட்டத்துக்குக் கூட்டம் எந்திரிச்சு ஓடினீங்களே?"

"ஓடிப்போய் வராண்டாவுல கொஞ்சம் காத்து வாங்கிட்டு வந்துடுவேன்."

"என்ன விளையாடறீங்களா? எதுக்காக?"

"எங்க அண்ணனுக்கு இருந்துச்சு சார். வெளியில சொல்ல வெட்கப்பட்டு அடக்கி அடக்கி, ஒருநாள் சுத்தமா அடைச்சுப் போய் ஆஸ்பத்திரியில டியூப் போட வேண்டியதாயிடுச்சு. அந்த மூஞ்சியை நான் பார்த்திருக்கேன். கூட்டத்துல நெத்தியெல்லாம் வேர்த்து, முதலாளி பேசறதைக் கேட்காம நீங்க கதவையே பார்க்க ஆரம்பிப்பீங்க பாருங்க, அதே மூஞ்சி."

போட்ட காலை இறக்கி வைத்தார் ஜெனரல் மேனேஜர்.

"அடுத்த கூட்டத்துல உங்க பக்கத்துல யார் சார் உட்காரப் போறாங்க? நீங்க கதவைப் பார்த்தா அவர் முதல்ல எந்திரிச்சுடணும். யாருன்னு சொல்லுங்க, இப்பவே ஒரு வார்த்தை சொல்லி வெச்சுடறேன்."