தண்ணீர் ஏறும் மைதானம்

கல்முனைக்கு மேற்கே, அறுவடை முடிந்த வயல்தான் ஸாஜிதின் உதைபந்தாட்ட மைதானம். அடுத்த போகத்துக்குத் திறந்துவிட்ட வாய்க்கால் தண்ணீர், மாலை வெயிலில் மினுங்கிக்கொண்டு நடுக்கோட்டை அழிக்கிறது. வரம்பில் கிடக்கும் அவனுடைய போனில் இலங்கை உதைபந்தாட்டச் சங்க அதிகாரி யாரோ பேட்டி கொடுக்கிறார்: "உள்நாட்டில் திறமை இல்லை. தேசிய அணிக்கு வெளிநாட்டில்தான் ஆள் தேட வேண்டும்." வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டைவிதானை மண்வெட்டியோடு நின்று சிரிக்கிறார். "கேட்டியா தம்பி? பந்த எடுத்திட்டு வீட்ட போ. இனி நாலு மாசம் இது வெள்ளாமைக்கு." ஸாஜித் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டுகிறான். கணுக்காலளவு தண்ணீரில் மிதக்கும் பந்தைப் பாதத்தால் அமத்திப் பிடிக்கிறான். "கோல் பக்கம் இன்னும் காய்ஞ்சுதான் கிடக்கு, காக்கா. கொஞ்சம் விலகி நில்லுங்க." சேறு விதானையின் சட்டை வரை தெறிக்க, பந்து கோலாக நட்ட இரண்டு கம்புகளுக்கும் நடுவால் பறக்கிறது. வரம்பில் அந்தக் குரல் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறது. ஸாஜித் பந்தை எடுத்துவந்து, இன்னும் ஆழமான தண்ணீரில் போடுகிறான்.