இட்லியோடு வந்த ஆங்கிலம்

"டிலாபிடேட்டட்" என்று மருமகள் நிதானமாகச் சொன்னாள். மகன் விரிசல் விட்டிருந்த கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆமென்று தலையசைத்தான். நாராயணசாமியின் கையிலிருந்த இட்லித் துண்டு வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

தமக்குப் புரியக் கூடாது என்றுதான் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். அதுவும் தம் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு.

மகன் அன்புச்செல்வனுக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. மருமகள் சுபஸ்ரீ அதே ஊரில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. இருவரும் தினமும் இங்கிருந்தே போய்வந்தார்கள். வடக்கனந்தலில் இந்த வீடும், மலையடிவாரத்தில் மரவள்ளி போட்டிருந்த கொல்லையும் இன்னும் நாராயணசாமியின் பெயரில்தான் இருந்தன.

எதையும் எளிதில் நம்பாதவர் அவர். கிழங்கு வாங்க வரும் வியாபாரியின் தராசில் முதலில் தாமே ஏறி நின்று, தம் எடை சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் மூட்டையை ஏற்ற விடுவார். சென்ற மாதம் கள்ளக்குறிச்சியிலிருந்து வீட்டுக்குப் புறப்பட்டவர், எதிர்த்திசையிலுள்ள எலவனாசூர்கோட்டையில் போய் இறங்கினார். அதை நடத்துநரின் சூழ்ச்சி என்றார்.

மகன் பதறிப்போய் டாக்டரிடம் அழைத்துச் சென்றான். அவரோ மாத்திரை எதுவும் எழுதாமல், தினமும் புதிதாக எதையாவது படித்துப் பழகுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாத்திரை எழுதத் தெரியாதவர் என்ன டாக்டர் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் நாராயணசாமி. மகன் வாங்கித் தந்த புத்தகங்கள் மாட்டுக்கொட்டகைப் பரணுக்குப் போயின.

ஆனால் இந்த ஆங்கிலச் சொல்லை விட்டுவிட அவருக்கு மனமில்லை. பொறியைச் சுற்றிவரும் நரியைப் போல அதையே சுற்றிச் சுற்றி வந்தார். எழுதி வைத்தால் அகப்பட்டுக்கொள்வோம் என்பதால், வாய்க்குள் முணுமுணுத்தபடியே கொட்டகைக்குப் போய்ச் செல்போனிடம் சொன்னார். பசுமாடு திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகே அது பொருள் சொன்னது: பாழடைந்த, இடிந்து விழும் நிலையிலுள்ள.

மறுநாள் சட்னியை ஊற்றிக்கொண்டே சுபஸ்ரீ, "அப்ஸ்டினேட்" என்றாள். பிடிவாதக்காரர் என்று பொருள். அடுத்த நாள், "ரெலிங்க்விஷ்." அந்த நேரம் பார்த்து நாராயணசாமிக்கு இருமல் வந்து, சொல்லின் வால் காதில் விழவில்லை. நல்ல வேளையாகச் சுபஸ்ரீ அதை இன்னொரு முறை சொன்னாள்.

உரிமையை விட்டுக்கொடுத்தல் என்றது செல்போன்.

மூன்று சொற்களையும் டீக்கடை பிச்சைமுத்துவிடம் போய் இறக்கி வைத்தார். பால்ய நண்பரான அவர் டீ ஆற்றுவதையே நிறுத்திவிட்டார்.

"கைநாட்டு வாங்கிக்கினு வூட்ட வித்துப்புட்டு, உன்ன மல மேல முதியோர் இல்லத்துல வுட்டுடுவாங்க. காத்து நல்லா இருக்கும்னு வேற சொல்லுவாங்க, பாரு."

"நான் இன்னா கைநாட்டா? பழைய பதினொண்ணாவதுடா" என்றார் நாராயணசாமி. ஆனால் டீயைக் குடிக்காமலே எழுந்துவிட்டார். பிறந்த வீடு. மனைவி கண்மூடியதும் அதே கூடத்தில்தான்.

பிறகு "க்ளாண்டெஸ்டைன்" வந்தது, திருட்டுத்தனமாகச் செய்வது. அதன் பின்னால் "இம்மினன்ட்" வந்தது, விரைவில் நிகழவிருப்பது. கொல்லைக்குப் போகும்போதும் வரும்போதும் எல்லாவற்றையும் வரிசையாக உருப்போட்டார். ஒரு சொல் நழுவினாலும் வழக்கே நழுவிவிடும் என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் பலகாரத்துக்கு உட்கார்ந்தார்கள். சுபஸ்ரீ வாயைத் திறப்பதற்குள் நாராயணசாமி கையை உயர்த்தினார்.

"டிலாபிடேட்டட், அது என் வூடு. அப்ஸ்டினேட், அது நானு. ரெலிங்க்விஷ், நான் வுட்டுக் குடுக்கணும். க்ளாண்டெஸ்டைன், எனக்குத் தெரியாம. இம்மினன்ட், சீக்கிரமா. இன்னாடா, நான் சொல்றது சரியா தப்பா?"

அன்புச்செல்வன் சுபஸ்ரீயைப் பார்த்தான். கண்கள் கலங்க, தலையைக் குனிந்துகொண்டான். குற்றம் செய்தவன் அகப்பட்டுக்கொண்டால் முகம் இப்படித்தான் போகும் என்று நாராயணசாமி நினைத்துக்கொண்டார்.

"நான் உசுரோட இருக்கற வரைக்கும் இந்த வூட்ல ஒரு செங்கல்லக் கூட அசைக்க முடியாது. நாளைக்கும் இதே எடத்துலதான் ஒக்காருவேன். பேசுங்க, எத்தினி நாளு பேசறீங்கன்னு பாக்கறேன்."

கையைக் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கில் வென்றவரைப் போலக் கொல்லையைப் பார்த்து நடந்தார். அவர் தெருமுனை திரும்பும் வரை இருவரும் அசையவில்லை.

பிறகு சுபஸ்ரீ, தேம்பிக்கொண்டிருந்த கணவனிடம் தண்ணீரை நீட்டியபடி சொன்னாள்:

"ஒண்ணு கூட மறக்கலங்க, நாளைக்கு இன்னும் கஷ்டமான வார்த்தையா வெப்போம்."