இருபதாவது டாலர்

பத்தொன்பது வெள்ளி டாலர்களும் கொலீனின் கண்ணாடி மேஜைமேல் புதுப் பாத்திரம் மாதிரி பளபளத்தன.

அவள் முகம்தான் வாடிப்போனது.

"அடப்பாவி! எதைப் போட்டுத் தேய்ச்ச?"

"பல்லு வெளக்குற பேஸ்ட்டு" என்றான் ஆர்விட்.

அறுபது வயதுப் பண்ணைக்காரன், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி நின்றான். கொலீன் அவனோடு ஒரே பள்ளிப் பேருந்தில் போனவள். லூயிஸ்டவுனில் பழங்காசுக் கடை வைத்து முப்பது வருஷம் ஆகிறது. பழங்காசைத் தேய்த்தால் மதிப்பே போய்விடும்; இப்படித் தேய்த்துப் பாழாக்கியதைக் கொண்டுவருகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்த்துவிடுவாள்.

ஆர்விட் அவற்றைத் தேய்த்தது ஆறு வருஷத்துக்கு முன், அப்பாவை அடக்கம் செய்த நாளன்று. சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அப்பா சேர்த்த டாலர்களைத் தட்டில் பரப்பி வைக்க நினைத்தான். கன்னங்கரேலென்று இருந்தனவே, அப்பாவுக்கு மரியாதையாக இருக்காதே என்று காலையிலேயே உட்கார்ந்து தேய்த்தான். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு ஒன்றை நாசமாக்குவது எங்கள் மொன்டானா ஆண்களுக்குக் கைவந்த கலை.

தம்பி நெல்ஸ் தட்டைப் பார்த்தான்.

"அப்பா ஆயுசு பூரா பொத்திப் பொத்தி வெச்சதை ஒரே காலையில அழிச்சிட்டியேடா" என்றான். அதுதான் அவன் அண்ணனிடம் கடைசியாகப் பேசியது.

வசந்தத்தில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாளன்று சுற்றுவட்டாரமே நெல்ஸின் பட்டியில் கூடும். ஆர்விட்டுக்கு மட்டும் அழைப்பு வராது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எழும்புகிற புழுதியைப் பார்த்துக்கொண்டிருப்பான். கேட்டால் வேலியைச் சரிபார்க்கிறேன் என்பான். ஆறு வருஷமாக அதே வேலி.

இந்த வருஷம் அந்த நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

"இதையெல்லாம் தரம் பாக்குற கம்பெனிக்கு அனுப்பாத" என்றாள் கொலீன். "நல்ல காசுன்னா தரத்துக்கு ஒரு நம்பர் போட்டு, பெட்டியில அடைச்சு, முத்திரை வெச்சுத் தருவாங்க. இதுக்கு நம்பரே கிடையாது. 'தேய்த்தது'ன்னு ஒரே வார்த்தை அடிச்சு அனுப்பிடுவாங்க. அதுக்குப் போய் ஒவ்வொண்ணுக்கும் அறுபது டாலர் தண்டம் அழுவியா?"

ஆர்விட் தலையாட்டினான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

இருபதாவது டாலர் மின்னவில்லை. ஓரங்களில் நீலம் ஓடிய கறுப்பாக இருந்தது. கொலீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதைத் தேய்க்கலையா?"

"நான் தொடவே இல்ல."

விளிம்பைப் பிடித்து விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். ஆர்விட் குனிந்து எட்டிப் பார்த்தான்.

"மன்னிச்சுக்கோப்பா" என்றாள். "கறுப்பெல்லாம் அருமையாத்தான் படிஞ்சிருக்கு. ஆனா அடியில, காசுல இருக்குற பொம்பளை முகத்துக் கன்னத்துல பாரு, வட்ட வட்டமாக் கீறல். யாரோ சாம்பல் போட்டுத் தேய்ச்சிருக்காங்க."

பளபளத்தவற்றில் ஒன்றை எடுத்து அதையும் பார்த்தாள்.

"நீ தேய்ச்சதுக்கு அடியிலயும் இதே வட்டம்தான். ஒரே கை."

"எப்போ தேய்ச்சிருப்பாங்க?"

"மறுபடி இந்த அளவு கறுக்கணும்னா நாப்பது வருஷமாவது ஆகணும். வேற யாரு, உங்கப்பாதான்."

அப்பா! காசை வெறும் விரலால் தொட்டால் விரல் முட்டியில் தட்டுகிற அப்பா! ஆர்விட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவர்மேல் கோபம் வரும் என்று நினைத்தான், வரவில்லை. தன்னைப் போலவே அவரும் ஒரு காலையில் நல்ல எண்ணத்தோடு உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். அவனுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"இதை அனுப்பு" என்றான்.

"இவ்வளவு நேரம் செவுத்துகிட்டயா பேசினேன்? இதுக்கும் நம்பர் வராதுடா."

"நம்பர் யாருக்கு வேணும்? அந்த ஒரு வார்த்தைதான் வேணும். அச்சடிச்சு, முத்திரை வெச்சு. அஞ்சு வாரத்துக்குள்ள வந்துடுமா?"

"அவசரம்னா இன்னும் கூடக் காசு."

ஆர்விட் யோசிக்காமல் பணப்பையைத் திறந்தான். கொலீன் பெருமூச்சு விட்டுப் படிவத்தை இழுத்தாள். கிறுக்கனிடம் கேட்பது போலக் கேட்டாள்: "காசுக்குச் சொந்தக்காரர்னு உன் பேருதானே?"

"இல்ல, நெல்ஸ்னு எழுது. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அவன் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தது. அன்னைலேர்ந்து அவன் பூட்டு போட்ட பெட்டியிலதான் கிடந்துச்சு. 'தேய்க்காத காசுக்கு என்ன மதிப்புன்னு அந்த முட்டாள் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்'னு நேத்து அவன் பொண்டாட்டிகிட்ட கொடுத்தனுப்பியிருக்கான்."