ஐந்தில் ஒன்று

டீக்கடை ரேடியோவில் செய்தி முடிந்து பாட்டு போடுவதற்குள் மரியசூசை டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

எண்பத்தெட்டாம் வருஷம். பல நாட்டு ஆட்கள் கனடாவில் கூடிப் பேசினார்களாம். புகையால் பூமி சூடாகிறதாம். அந்தப் புகையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாக வேண்டும் என்றார்களாம்.

ரேடியோவில் 'வேண்டும்' என்று சொல்லிவிட்டால் அது சட்டம்தான் என்று நம்புகிறவன் மரியசூசை. வெள்ளந்தி என்று சிரிக்கலாம். வீட்டில் மனைவி மூச்சுக்குத் தவிக்கும்போது யார்தான் எதைத்தான் நம்ப மாட்டார்கள்?

லூர்துமேரிக்கு மூன்று வருஷமாக இழுப்பு. படுத்தால் மூச்சு வராது. சுவரில் சாய்ந்தபடியே தூங்குவாள். இந்தப் புகையிலேயே கிடந்தால் அடுத்த மழைக்காலம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பாப்பாரப்பட்டி ரோட்டில் நூர் பாஷாவுக்குச் சுண்ணாம்புக்கல் சுடும் காளவாய்கள் ஐந்து. ஐந்தாவது, மரியசூசையின் வீட்டுக்குப் பத்தடி தள்ளிப் புகைந்துகொண்டிருந்தது.

போகிற வழியில் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, பாயிடம் பேசப் போவதாக லூர்துமேரியிடம் சொல்லிவிட்டு ஓடினான்.

நூர் பாஷா லாரியில் சுண்ணாம்பு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாய், புகையில அஞ்சுல ஒண்ணைக் குறைக்கணும்னு உலகமே சொல்லிட்டாங்களாம். நம்மகிட்டயும் அஞ்சுதாங்க இருக்குது. எங்க வூட்டோரம் இருக்கிறதை நிறுத்திடுங்க."

லாரிக்காரன் சிரித்தான். பாய் சிரிக்கவில்லை. நோன்புக்கு நோன்பு லூர்துமேரிக்குக் கஞ்சி கொடுத்தனுப்புகிறவர் அவர்.

ஐந்தாவது காளவாயைத் திரும்பிப் பார்த்தார்.

"சரிப்பா, நிறுத்திடறேன். மத்த நாலுக்கும் ஆளு நெறைஞ்சு கெடக்குது. இதுக்குத் தீ போடுறவன் எங்க போவான்? அதையும் நீயே சொல்லிடு."

மரியசூசை வந்த வழியே திரும்பினான்.

லூர்துமேரி வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்க இரண்டு மூச்சு வேண்டியிருந்தது அவளுக்கு.

"பாய்... என்ன சொன்னாருங்க?"

"ஒத்துக்கிட்டாரு மேரி. கொஞ்ச நாள் ஆகும்னாரு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று!

அதற்கு மேல் அவளைப் பார்க்க முடியாமல் மரியசூசை பின்பக்கமாகப் போனான். கூடையை எடுத்து ஐந்தாவது காளவாயில் கரியைக் கொட்ட ஆரம்பித்தான்.

பதினோரு வருஷமாக அதற்குத் தீ போடுகிறவன் அவன்தான்.